தேயிலைப் பெட்டி மேல் யோசிக்கிறவன்

1

போன வெள்ளிக்கிழமை ஓர் அட்டையில் என் பெயரைத் தட்டச்சில் அடித்து, ஒரு சிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சிலையைச் செய்தது என் கைதான். ஆனாலும் அந்த அட்டை பொய். அதைச் சொல்லத்தான் இந்தப் பத்திரிகைக்கு இந்தக் குறிப்பு. லண்டனில் பனி எப்படிப் பெய்கிறது, ராணி எப்படிக் கையசைக்கிறார் என்றெல்லாம் எதிர்பார்த்தவர்கள் வேறு பக்கம் புரட்டலாம். எனக்கு இப்போது அதற்கு நேரமில்லை.

நான் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரின் மகன். ஹட்டனில் கல்லூரி முடித்தேன். லண்டனுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. காலையில் ஒரு மியூசியத்தில் வேலை. உலகத்தில் பேர்பெற்ற சிலைகளுக்கெல்லாம் சுண்ணத்தில் அச்செடுத்து ஒரு பெரிய கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குத் தூசி தட்டுவது என் உத்தியோகம். அத்தனை பரீட்சை பாஸ் பண்ணின மகன் வீனஸின் முதுகுக்குப் பிரஷ் போடுகிறான் என்று அப்பாவுக்கு எப்படி எழுதுவது? “கலைப்பொருள் பராமரிப்பு” என்று எழுதினேன். அப்பா அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் சிற்பக் கல்லூரி. களிமண், சுண்ணம், கம்பி. சாயந்தரம் அறைக்கு வந்து பாண் ரொட்டியும் முட்டையும்.

வந்த புதிதில், காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரம்மாவிடம் ‘போயிட்டு வாறேன்’ என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உடனே திரும்பி வருவேன் என்று அந்த அம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தார். வீடு முழுக்கக் குளிர். மூன்றாம் நாள், “போறதுன்னா போ, வாறதுன்னா வா, ரெண்டுல ஒண்ணச் செய்” என்றார். இப்போது வெறுமனே ‘பை’ சொல்லிவிட்டுப் போகிறேன். நாக்கில் என்னமோ அபசகுனம் மாதிரித்தான் இருக்கிறது.

கந்தோர்களை, அரசாங்க ஆபீஸ்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கேயும் நிரப்பிக் கொடுக்கப் பாரம் உண்டு, வரிசை உண்டு, ஜன்னல் உண்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பொகவந்தலாவை என்று எழுதினால் கிளார்க் மூன்று தடவை கேட்பார். எழுத்தெழுத்தாகச் சொன்னால் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். தாத்தா எங்கே பிறந்தார் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. முதல் தடவை அதைக் கேட்காமல் விட்டபோது, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டி நகர்த்தினார்.

சிலைக்கு வருகிறேன். கல்லூரியில் வருஷக் கடைசிக் கண்காட்சி. கையைத் தாடைக்குக் கொடுத்து உட்கார்ந்து யோசிக்கிற ஒரு மனுஷனின் சிலை உலகத்துக்கே தெரியும். உடம்பெல்லாம் சதை, பாறை மேல் குந்தியிருப்பார். நான் செய்தவரும் அதே மாதிரித்தான் குந்தியிருக்கிறார். ஆனால் பாறைக்குப் பதில் தேயிலைப் பெட்டி. தலையில் மடித்துப் போட்ட கம்பளி. விலா எலும்பு தெரிகிறது. முழங்கால் மேல் நிரப்பாத ஒரு கந்தோர்ப் பாரம். சிலைக்குப் பெயர், ‘தாத்தா எங்கே பிறந்தார்?’

பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாரம் என்னவென்று விளக்கினால் இன்னும் கொஞ்சம் சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஆசிரியை மிஸ் வாரன் கேட்டார்: “இது எப்படி உனக்குத் தோன்றியது?”

“சும்மா தோன்றியது” என்றேன்.

எனக்குத் தோன்றவேயில்லை. அது மாரிமுத்துவுக்குத் தோன்றியது. ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்துக்குப் பின்னால்.

2

மாரிமுத்து என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கவ்வாத்து வெட்டுவதில் தோட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே ஒரே மட்டமாக, சாய்வாக, ஒரே வீச்சில் வெட்டுவான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால் ஒரு மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவான். அதற்குப் பிறகு அந்தக் கத்திக்கு வேறு வேலை. கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் வேர்க்கட்டைகள் கிடக்கும். விறகுக்கு எடுத்துப் போவார்கள். மாரி அதில் நல்லதாகப் பார்த்து எடுத்துவந்து, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குந்தி, உருவம் செதுக்குவான். முதலில் குரங்கு, மாடு, கங்காணி. அந்த வரிசையில்தான் செய்தான்.

கல்லூரி நூலகத்திலிருந்து உலகச் சிலைகளின் படங்கள் போட்ட தடித்த புத்தகம் ஒன்றை நான் அவனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பீற்றிக்கொள்ளத்தான். பட்டிக்காட்டான் வாயைப் பிளப்பான் என்று நினைத்தேன்.

அவன் வீனஸைப் பார்த்தான். “இந்தப் புள்ளைக்குக் கையி எங்கடா?”

“ஒடஞ்சு போச்சு. தோண்டி எடுக்கிறப்பவே இல்ல.”

“கையில்லாதவளையா ரெண்டாயிரம் வருஷமா நிக்க வச்சிருக்கானுக? நம்ம கங்காணிகிட்ட மாட்டியிருந்தா, ‘ஏய், கொழுந்து எங்க?’ன்னு அரப்பேரு போட்டு, பாதிச் சம்பளத்தோட அனுப்பியிருப்பாரு.”

மறு வாரம் அவளை வேரில் செய்திருந்தான். அதே வளைந்த இடுப்பு, அதே கர்வமான கழுத்து. ஆனால் இடுப்பில் படங்குச் சாக்கு, நெற்றியில் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை. கூடை நிறைந்து வழிகிறது.

“கையில்லாம எப்பிடிடா கூட நெறஞ்சுச்சு?”

“அதெல்லாம் நம்ம பொம்பளைக நெறைப்பாளுக. நீ போய்ப் படி, காலேஜு.”

என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அடுத்து வட்டெறிகிற வீரன். கல் மாதிரிக் காய்ந்த ரொட்டியை எறிகிற மாதிரி செய்தான். லயத்தில் எல்லாரும் அதைப் பார்க்க வந்தார்கள். ரொட்டி சுட்ட அவன் அம்மாவும் வந்து பார்த்துவிட்டு, அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

யோசிக்கிறவனின் படத்தை மட்டும் அவன் வெகுநேரம் பார்த்தான்.

“இவரு எதுக்கு இப்பிடிக் குந்தியிருக்காரு?”

“யோசிக்கிறாரு.”

“என்னத்த?”

“அது தெரியாது. அதுதான் அந்தச் சிலையோட பெருமையே.”

“போடா. எனக்குத் தெரியும். எங்கப்பாவும் ஒரு மாசமா இப்பிடித்தான் குந்தியிருக்காரு.”

அவன் அப்பா கருப்பையா. தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், வேலை. நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை ‘வாங்க தம்பி’ என்பார். நாற்பத்தெட்டில் வந்த சட்டம் அப்பா, தாத்தா எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. அதற்குத் தாள் காட்ட முடியாவிட்டால், இங்கேயே பிறந்தவர்களும் மனுப் போட்டு, விசாரணைக்குப் போய், இந்த நாட்டிலேயே நிலையாக இருக்கிறவர்கள் நாங்கள் என்று நிரூபித்தால்தான் பிரஜாவுரிமை. உங்களுக்குத் தெரியாததா? மாமாவின் மனு வருஷக்கணக்காகக் கிடந்து, அப்போதுதான் விசாரணைக்குக் கடிதம் வந்திருந்தது. தாளையெல்லாம் தலையணை உறைக்குள் போட்டு அதன் மேல் படுத்துத் தூங்குவார். அந்த மனுவில்தான் மாமா, அத்தை, மாரி மூன்று பேருடைய தலைவிதியும் இருந்தது.

மாரி செதுக்கிய யோசிக்கிறவனின் முகம் கருப்பையா மாமாவின் முகம்தான். மாமாவே பார்த்துவிட்டு, “அடப் பாவி, என் மூக்க அப்பிடியே வச்சிருக்கானே” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

3

கல்லூரியில் அந்த வருஷம் கண்காட்சி வைத்தார்கள். நான் மாரியிடம் கேட்டேன்.

“ஒன் சிலைய எல்லாம் ஹட்டனுக்குக் கொண்டு போறேன்டா.”

“வெறகுக் கட்டையையா? ஓங்க வாத்தியாரு அடிப்பாரு.”

“நீ பேசாம இரு. பெரிய பெரிய ஆளுக வருவாங்க. ஒன் பேரு போடுவேன்.”

மூன்றையும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஓர் அட்டை. அப்பாவின் மருந்துக் கந்தோர்த் தட்டச்சில் நானே அடித்தேன். செய்தவர் பெயர் என்று மட்டும் போட்டால் மொட்டையாக இருந்தது. நம் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றிலும் எப்படிப் போடுவோம்? திருச்சி ஜில்லா, துறையூர் தாலுகா, இன்ன கிராமம், தற்சமயம் இன்ன தோட்டம். பிறந்ததிலிருந்து கண்டியைத் தாண்டாதவனும் தன் பெயருக்கு முன்னால் பாட்டன் ஊரைப் போட்டுக்கொள்வான். அதுதான் நமக்கு மரியாதை. அதே மாதிரி அடித்தேன். துறையூர் தாலுகாவைச் சேர்ந்த மாரிமுத்து, தற்சமயம் மேல்கணக்கு, பொகவந்தலாவை. இங்கிலீஷில் அது ரொம்பக் கம்பீரமாக இருந்தது.

மாரிக்கு வாசித்துக் காட்டினேன். “கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்குடா” என்று சந்தோஷப்பட்டான். துறையூரை அவன் பார்த்ததில்லை. அவன் அப்பாவும் பார்த்ததில்லை.

கண்காட்சிக்கு வந்த பெரிய மனுஷர்களில் பிரஜாவுரிமை விசாரணைத் துரை ஒருவரும் இருந்தார். விசாரணைகளுக்காக ஹட்டன் ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். படித்த மனுஷர், ரசனை உள்ளவர். வீனஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரொட்டி எறிகிறவனைப் பார்த்துச் சிரித்தார். யோசிக்கிறவனிடம் வந்தார்.

“இவர் என்ன யோசிக்கிறார்?” என்று என்னைக் கேட்டார்.

“தாத்தா எங்கே பிறந்தார் என்று யோசிக்கிறார், சேர்” என்றேன். மாரி சொன்ன நகைச்சுவையை என்னுடையது மாதிரிச் சொன்னேன். அப்போதே பழக்கம்.

துரை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு அட்டையை எடுத்து வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். “இதை நான் வைத்துக்கொள்ளலாமா?” என்றார். கரும்பு தின்னக் கூலியா? கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, மேல்கணக்கு ஏற்றம் முழுக்க ஓடியே போனேன்.

“டேய் மாரி, தொரை ஒம் பேரப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போறாருடா!”

“எம் பேரையா? எதுக்கு?”

“கொழும்புல காட்டத்தான்! வேறெதுக்கு?”

4

விசாரணை அன்று கருப்பையா மாமா என் அப்பாவிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். தோள் இறங்கியிருந்தது. தலையணை உறையை அப்படியே கையில் பிடித்திருந்தார். துணைக்கு மாரி. இங்கிலீஷ் கடிதம் ஏதும் வந்தால் வாசிக்க நான். மாமாவையும் மாரியையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது, எல்லாம் கேட்டது.

துரைக்குத் தமிழ் வரும். அதட்டவில்லை. தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோல் பார்த்தார், பிறப்புச் சான்று பார்த்தார், சரி என்றார். என் நெஞ்சு லேசாகியது.

“இந்த நாட்டிலேயே இருக்கப் போறீங்களா?”

“வேற எங்கங்க தொரை போறது? எங்கப்பனப் பொதச்சதும் இங்கதான்.”

துரை ஃபைலிலிருந்து என் அட்டையை எடுத்தார்.

“இதுல துறையூர்க்காரர்னு போட்டிருக்கு. தற்சமயம் இந்தத் தோட்டம்னு போட்டிருக்கு. தற்சமயம்னா இப்போதைக்குத்தானே?”

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “யாருங்க தொரை அப்பிடி எழுதுனது?”

மாரி திரும்பி, கதவு வழியாக என்னைப் பார்த்தான். நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். நாலடி தூரம்தான். எங்கள் வீட்டு மனுவும் அதே துரையிடம்தான் இருந்தது. அடுத்த மாதம் எங்கள் விசாரணை. அது என் தலைக்குள் வந்தது. நான் வாங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

“நாந்தாங்க தொரை எழுதச் சொன்னேன்” என்றான் மாரி.

“ஏன் மல்லி அப்படி எழுதச் சொன்னே?” தம்பி என்பதைச் சிங்களத்தில் சொன்னார்.

“கல்யாணப் பத்திரிகையில எல்லாம் அப்பிடித்தாங்க போடுவாங்க.”

துரை அதற்குச் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. காரணங்கள் நாலைந்து போட்டிருந்தது. நிலையாக இருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்பது அதில் ஒன்று. அந்த அட்டை இல்லாவிட்டாலும் தள்ளியிருப்பார்கள் என்று பிற்பாடு சட்டம் தெரிந்த ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். கருப்பையா மாமா அப்படி நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

கடிதம் வந்த சாயந்தரம் நான் அங்கே போனபோது, மாமா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வீனஸ் ஏற்கனவே உள்ளே போயிருந்தாள். ரொட்டி எறிகிறவனின் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யோசிக்கிறவனைக் கடைசியாக வைத்தார். தேயிலை வேர் சீக்கிரம் எரியாது. நின்று எரியும். மாரி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை ஏதோ சொல்ல வந்தாள்.

“நீ சும்மா இரு” என்றார் மாமா. “செல செஞ்சு நாட்டத் தொலச்சவன் நிக்கிறான் பாரு.”

அந்தப் பெயர் லயம் முழுக்கப் பரவியது.

நான் மாரியைப் பீலிக்கரைக்கு இழுத்துப் போனேன். “நான் போய் மாமாகிட்டச் சொல்லிடுறேன்டா.”

“எதுக்கு? சொன்னா எங்க கடுதாசி மாறிருமா?”

“அவரு ஒன்னயத்தானடா—”

“ஓங்க விசாரண வரட்டும். வாய மூடிக்கிட்டு இரு, காலேஜு. ரெண்டு குடும்பமும் எதுக்குக் கெடணும்?”

எங்கள் விசாரணை வந்தது. எங்களுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். பரீட்சை இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது, கப்பல் இருந்தது. எனக்கு எப்போதும் ஏதாவது இருந்தது. மாரி அதற்கப்புறம் கவ்வாத்துக்கு மட்டும்தான் கத்தியை எடுத்தான்.

5

கண்காட்சியின் இரண்டாம் நாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என் சிலையின் பீடத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அறைக்கு வந்தால் அம்மாவின் கடிதம். என் கடிதங்கள் வரவரத் தந்தி மாதிரிச் சுருங்குகிறதாம், தமிழ் மறந்துவிட்டதா என்று முதல் பக்கம் முழுக்கத் திட்டு. இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார்: “கருப்பையா குடும்பம் இந்தியாப் பாஸ்போர்ட் எடுத்தாச்சு. அடுத்த மாசக் கடைசியில் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுகிறார்கள். அந்த மனுஷன் இன்னும் மகனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோறு வைத்தால் மாரி எழுந்த பிறகுதான் வந்து உட்காருகிறார். தெரியாத ஊருக்குப் போய் இப்படியே இருந்தால் அந்தப் பையன் கதி என்ன?”

மறுநாள் மிஸ் வாரனிடம் போனேன்.

“அட்டையை மாற்ற வேண்டும். சிலை என்னுடையது இல்லை.”

“நீ செய்ததை நானே பார்த்தேனே.”

“என் ஊரில் ஒருவன் செய்தது எரிந்துபோனது. இது அதைப் பார்த்துச் செய்தது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியென்றால் உனக்கு மார்க் போட முடியாது. தெரியும்தானே?”

“தெரியும்.”

புதிய அட்டை அடித்தேன். மாரிமுத்து. மேல்கணக்கு, பொகவந்தலாவை. வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மிஸ் வாரன் அதை வாசித்துவிட்டு, “இந்த விலாசத்துக்கு நாங்கள் எழுதினால் அவருக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார்.

“அடுத்த மாதம் வரை கிடைக்கும்” என்றேன்.

6

இதைத் தனிக் கடிதமாக எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினேன். மூன்று தடவை எழுதி மாரிக்கு அனுப்பப் பார்த்தேன். அவன் அதை மடித்து அடுப்பில் போட்டிருப்பான், எனக்குத் தெரியும். பழி லயம் முழுக்க அறிய விழுந்தது. அதை எடுப்பதும் அப்படித்தான் எடுக்க வேண்டும். அப்பா, நம் பிரஜாவுரிமைப் பேப்பருக்கு இதனால் ஏதும் வருமோ என்று நீங்கள் பயப்படுவீர்கள். ஆறு வருஷம் நானும் பயந்தேன். மன்னியுங்கள்.

இந்தப் பத்திரிகை ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் நானாவின் கடைக்கு வரும். அம்மா, ஒன்று வாங்குங்கள். மாரியின் கையில் கொடுக்காதீர்கள். நீங்களே மேல்கணக்குக்கு ஏறிப் போய், கருப்பையா மாமா ஸ்டோரிலிருந்து வந்து கால் கழுவி உட்கார்ந்த பிறகு, நாலு பேர் இருக்கும்போது, இதற்குக் கீழே உள்ளதை மட்டும் சத்தமாக வாசியுங்கள்.

மாமா, நான் டிஸ்பென்சர் மகன் பேசுறேன். அந்த அட்டைய எழுதுனது நான். துறையூரு, தற்சமயம், எல்லாம் என் வேல. தொரைகிட்ட அதத் தூக்கிக் குடுத்ததும் நான். அன்னைக்கு வாசல்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, எந்திரிக்காம இருந்ததும் நான். ஓங்க மகன் எங்க குடும்பத்துக்காக ஓங்க முன்னால பொய் சொன்னான். அவன் ஓங்ககிட்டச் சொன்ன பொய் அது ஒண்ணுதான், மாமா.